வீட்டுக்காரரை ஊரோடு வைத்திருக்க ஒரு தொடர்

ஸ்பானிய வாடையோடு ஆங்கிலம் பேசும் ஒரு கியூபாக்காரரை, செம்பட்டை முடி அமெரிக்கப் பெண்ணுக்குக் கணவராகக் காட்டினால் ஜனங்கள் நம்பமாட்டார்கள். 1950-ல் லூசில் பாலிடம் சி.பி.எஸ். தொலைக்காட்சிக்காரர்கள் சொன்ன காரணம் இதுதான். அந்தச் சமயத்தில் லூசிலுக்கும் அந்தக் கியூபாக்காரருக்கும் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகப்போகிறது.

அவர் பெயர் டெசி அர்னாஸ். லூசில் விட்டுக்கொடுக்கவில்லை. டெசி இருந்தால்தான் நடிப்பேன், இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று நின்றுவிட்டார். அந்தப் பிடிவாதத்திலிருந்து பிறந்தது ‘ஐ லவ் லூசி’. அதைத் தயாரிக்க இருவரும் ஆரம்பித்த கம்பெனி, டெசியையும் லூசியையும் ஒட்டவைத்த ‘டெசிலு’. அடுத்த பத்து ஆண்டுகளில் அமெரிக்காவின் மிகப் பெரிய தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனங்களில் ஒன்றாக அது வளர்ந்தது.

லூசில் அடம்பிடித்ததற்குப் பின்னால் பெரிய கலைக் கொள்கை எதுவும் கிடையாது. வீட்டுக்காரர் ஊரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். டெசி இசைக்குழு நடத்துபவர். வருஷத்தில் பல மாதங்கள் ஊர் ஊராகச் சுற்றவேண்டிய பிழைப்பு. ஊரில் இருக்கும் நாட்களிலும் இரவு விடுதியில் கச்சேரி முடிந்து அவர் வீடு திரும்பும் விடியற்காலையில்தான் லூசில் ஷூட்டிங்குக்குக் கிளம்புவார். 1944-ல் லூசில் விவாகரத்துக்கே மனுப் போட்டார். பிறகு இருவரும் சமாதானமாகிவிட்டார்கள், ஆனால் பிரச்னை அப்படியே இருந்தது. ரேடியோவில் ‘மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்’ என்ற லூசிலின் தொடர் 1948-லிருந்து நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோகலாம் என்று சி.பி.எஸ். கேட்டபோது, தன் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொள்ள அதில் ஒரு வழி இருப்பதை அவர் பார்த்தார்.

சி.பி.எஸ். நம்பாவிட்டால் ஜனங்களிடமே கேட்டுவிடலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். 1950 கோடையில் சில நகைச்சுவைக் காட்சிகளைத் தயார் செய்துகொண்டு மேடை மேடையாகப் போனார்கள். அரங்குகள் நிறைந்தன, ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 1951 மார்ச் 2-ம் தேதி, டெசியின் 34-வது பிறந்த நாளன்று, மாதிரி எபிசோட் எடுக்கப்பட்டது. அப்போது லூசிலின் வயிற்றில் முதல் குழந்தை. தொளதொளவென்ற உடையால் அதை மறைத்துக்கொண்டு நடித்தார்.

கேனரிக் கூண்டு கழுவிய பையன்

டெசியைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் அவருக்கு உரிய இடத்தைப் பலரும் கொடுப்பதில்லை.

கியூபாவின் சாண்டியாகோ நகர மேயரின் ஒரே மகன் அவர். வசதிக்குக் குறைவில்லாத வீடு. 1933-ல் ஆட்சி கவிழ்ந்தது. கும்பல் வீட்டைச் சூறையாடியது, அப்பா சிறைக்குப் போனார். விடுதலையான பிறகு குடும்பம் மயாமிக்குத் தப்பி வந்தது. கையில் காசில்லை, ஆங்கிலமும் அரைகுறை. கேனரிப் பறவைகள் விற்கிறவரிடம் கூண்டுகளைச் சுத்தம் செய்யும் வேலைகூடப் பார்த்தார். பிறகு கிடாரை எடுத்தார், புகழ்பெற்ற சேவியர் குகாட் இசைக்குழுவில் பாடினார், கோங்கா டிரம்மை மாட்டிக்கொண்டு மயாமியை ஆட வைத்தார். பிராட்வேயில் ‘டூ மெனி கேர்ள்ஸ்’ நாடகத்தில் நடித்து, அது படமானபோது ஹாலிவுட்டுக்கு வந்தார். ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவில் எடுத்த அந்தப் படத்தின் கதாநாயகி லூசில். 1940 நவம்பர் 30-ம் தேதி கல்யாணம். அவருக்கு 23 வயது, லூசிலுக்கு 29.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பறிகொடுத்த குடும்பத்துப் பையன் அவர். சொந்தமாக ஒன்று கையில் இருப்பதன் மதிப்பு அப்படிப்பட்டவருக்குத்தான் தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1951-ல் அவர் எடுத்த ஒரு முடிவு வேறு எப்படிப் புரியும்?

அந்த முடிவு இப்படி வந்தது. தொடருக்கு ஸ்பான்சர் ஃபிலிப் மோரிஸ் சிகரெட் கம்பெனி. அந்தக் காலத்தில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாகும். மேற்குக் கரையில் இருப்பவர்களுக்குக் கினெஸ்கோப் பிரதிதான் கிடைக்கும். டி.வி. திரையில் ஓடுவதை ஒரு ஃபிலிம் கேமராவை வைத்து அப்படியே பிடித்துவைக்கும் ஏற்பாடு அது; படம் மங்கிக் கலங்கித் தெரியும். லூசிலும் டெசியும் ஹாலிவுட்டை விட்டு நகர விரும்பவில்லை. வீடு அங்கே, பிறக்கப்போகும் குழந்தையும் அங்கே. ஆனால் அங்கிருந்து ஒளிபரப்பினால் கிழக்கில் இருக்கும் கோடிக்கணக்கானவர்களுக்கு மங்கல் படம்தான் கிடைக்கும். சிகரெட் கம்பெனி அதற்குச் சம்மதிக்குமா?

அப்படியானால் சினிமா மாதிரி ஃபிலிமிலேயே எடுத்துவிடுகிறோம், நாடு முழுக்க ஒரே தரம் என்றார் டெசி. செலவு அதிகமாகுமே என்றார்கள். எங்கள் சம்பளத்தில் வாரத்துக்கு 1,000 டாலர் குறைத்துக்கொள்கிறோம், ஒளிபரப்பு முடிந்த பிறகு படச்சுருள் முழுக்க எங்களுக்குச் சொந்தம் என்று பதில் வந்தது. சி.பி.எஸ். தயங்காமல் ஒப்புக்கொண்டது. ஒருமுறை ஒளிபரப்பான நிகழ்ச்சியை மறுபடி யார் பார்க்கப்போகிறார்கள் என்பதுதான் அன்றைய எண்ணம். தொலைக்காட்சி வரலாற்றில் இதைவிடப் பெரிய பேரம் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சாம்பல் நிற வீடு

அடுத்த சிக்கல் லூசிலிடமிருந்து வந்தது. ரேடியோ நாட்களில் ரசிகர்கள் முன்னால் நடித்தபோதுதான் தன் நகைச்சுவைக்கு உயிர் வருகிறது என்று அவர் கண்டுகொண்டிருந்தார். ரசிகர்கள் வேண்டும், ஃபிலிமும் வேண்டும். சினிமாவில் ஒரே கேமரா. ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்குகளை மாற்றி, நிறுத்தி நிறுத்தி எடுப்பார்கள். இருநூறு முந்நூறு பேரை உட்காரவைத்துக்கொண்டு அப்படி எடுத்தால் அரைமணி நேரத்தில் சிரிப்பு செத்துப்போகும்.

டெசி தேடிப்போனது கார்ல் ஃப்ராயிண்ட் என்ற ஒளிப்பதிவாளரை. ஜெர்மனியில் ‘மெட்ரோபோலிஸ்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். ‘த குட் எர்த்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். தூரத்து ஷாட்டுக்கு ஒரு மாதிரி லைட்டிங், முகத்துக்குப் பக்கத்தில் போகும்போது வேறு மாதிரி லைட்டிங். மூன்று கேமராக்களை வைத்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுப்பது எப்படி என்று ஃப்ராயிண்ட் முதலில் கைவிரித்தார். பிறகு அந்தப் பெரிய கலைஞரே வழி கண்டுபிடித்தார். தரையில் நிற்கும் விளக்குகளையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு, மேலே தொங்கவிட்ட விளக்குகளிலிருந்து செட் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் விழும்படி செய்தார். எந்த மூலையில் நின்று பேசினாலும் முகத்தில் நிழல் விழாது. கேமராக்கள் மூன்றும் ஃபிலிம் ஓட ஓட ஒரே நேரத்தில் பக்கத்தில் வரலாம், விலகிப் போகலாம்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் வர்ணங்கள் எப்படி விழும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு வெவ்வேறு நிறங்கள் திரையில் ஒன்றுபோலத் தெரியக்கூடும். அதனால் செட்டைச் சாம்பல் நிறத்தின் பல அடுக்குகளிலேயே வர்ணம் பூசச் சொன்னார் ஃப்ராயிண்ட். கோடிக்கணக்கானவர்கள் வாராவாரம் எட்டிப்பார்த்த, தொடரின் நாயகன் நாயகியான ரிக்கார்டோ தம்பதியின் கூடம் நேரில் போனால் மேகம் மூடிய வானம் மாதிரி இருந்திருக்கும். அந்தச் சாம்பல் நடுவே லூசிலின் தலைமுடி மட்டும் நெருப்பாய்த் தெரிந்திருக்கும். அதைப் பார்க்கக் கொடுத்துவைத்தவர்கள் அரங்கில் இருந்த முந்நூறு பேர்தான்.

அந்த முந்நூறு பேர் உள்ளே வருவதற்கும் வழி செய்ய வேண்டியிருந்தது. வாடகைக்கு எடுத்த ஸ்டூடியோவில் பொதுமக்களை அனுமதிக்க வேண்டுமானால் தெருவிலிருந்து நேரடி வாசல், கழிப்பறை வசதி எல்லாம் இருந்தாக வேண்டும். சுவரை உடைத்து வாசல் வைத்தார்கள். கேமரா வண்டி அதிராமல் ஓடத் தரையை இழைத்தார்கள். மூன்று கேமராவின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்து வெட்டி ஒட்டுவதற்கு ஒரு புது எடிட்டிங் இயந்திரம் வந்தது. எடிட்டர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் ‘மூன்று தலைப் பூதம்’.

பல கேமராக்களை வைத்து ஃபிலிமில் எடுப்பதை இவர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல, முன்பே சிலர் முயன்றிருக்கிறார்கள். ஆனால் சினிமாத் தரத்து 35 மி.மீ. ஃபிலிமில், ரசிகர்கள் முன்னிலையில், ஒரு கதைத் தொடரை வாரம் தவறாமல் எடுத்துக்காட்டி மற்றவர்களும் பின்பற்றும் முறையாக மாற்றியது டெசிலுதான். ‘ஃபிரெண்ட்ஸ்’ போன்ற தொடர்கள்வரை அந்த முறையில் வந்தவைதான். ரசிகர்கள் வந்து உட்கார்ந்ததும் டெசியே முன்னால் வந்து பேசிச் சிரிக்கவைத்துச் சூடேற்றுவார். லூசிலின் அம்மா டீடீ கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார். மகள் வம்பில் மாட்டப்போகிற கட்டங்களில் அந்தம்மா ‘ஐயய்யோ’ என்று பதறுவதைப் பழைய எபிசோட்களில் இன்றும் கேட்கலாம்.

உடைந்த முட்டைகள்

1951 அக்டோபர் 15, திங்கட்கிழமை இரவு முதல் எபிசோட் ஒளிபரப்பானது. 1957 வரை 180 எபிசோட்கள். கதை எளிமையானது: கியூபா பாடகர் ரிக்கி, சினிமா, மேடை ஆசை விடாத மனைவி லூசி, அதே கட்டடத்தில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர்களான ஃபிரெட், ஈதெல். அந்த வயதான ஜோடியாக வில்லியம் ஃப்ராலியும் விவியன் வான்ஸும் நடித்தார்கள்.

லூசிலின் நகைச்சுவை அந்த நேரத்தில் தானாக வந்து விழுவது போலத் தெரியும். உண்மையில் அவர் எழுதியதை விட்டு அங்கே இங்கே போகிறவர் அல்ல. நான்கு நாள் ஒத்திகையில் கை எந்த நொடியில் எங்கே போக வேண்டும் என்பதுவரை பயிற்சி செய்வார். எழுத்தாளர்கள் ஜெஸ் ஓப்பன்ஹைமர், மேட்லின் பியூ, பாப் கேரல் ஜூனியர் மூவரும் ரேடியோவிலிருந்தே கூட வந்தவர்கள். உடம்பை வருத்தும் வித்தை எதையாவது எழுதினால் மேட்லின் முதலில் தானே செய்துபார்த்து, ஒரு பெண்ணால் அது முடியும் என்று தெரிந்த பிறகே லூசிலிடம் கொடுப்பார்.

அப்படி ஒத்திகை பார்க்கிற லூசில் ஒருமுறை மட்டும் ஒரு பகுதியை வேண்டுமென்றே ஒத்திகை பார்க்காமல் விட்டார். 1957-ல் வந்த டாங்கோ நடன எபிசோட் அது. ரவிக்கைக்குள் முட்டைகளை ஒளித்துவைத்திருக்கிறாள் லூசி. அது தெரியாத ரிக்கி அவளை நடனம் ஆட இழுக்கிறான். ஒத்திகையில் முட்டையே வைக்கவில்லை. படப்பிடிப்பில்தான் முதன்முதலாக நிஜ முட்டைகள். டெசி இழுத்து அணைத்ததும் முட்டைகள் உடைந்து உள்ளே வழிகின்றன. அந்த முகம் முதல் தடவை அதை உணர்கிற முகம். அரங்கம் 65 விநாடி விடாமல் சிரித்தது. தொடரின் மிக நீண்ட சிரிப்பு அதுதான் என்கிறார்கள். அந்த ஒரு நிமிஷமும் இருவரும் பாத்திரத்தை விட்டு வெளியே வராமல் நிற்பதைப் பாருங்கள். லூசிலின் முகத்தைத்தான் எல்லோரும் பார்ப்போம். எதிரே டெசி அசையாமல் அவருக்கு இடம் விட்டு நிற்பதும் நடிப்புதான்.

1952-ல் லூசில் மறுபடி கர்ப்பமானார். தொடர் நின்றுவிடும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஓப்பன்ஹைமர்தான் கர்ப்பத்தையே கதையில் சேர்த்துவிடலாம் என்றார். சி.பி.எஸ். பதறியது. தனித்தனிக் கட்டில்களில் படுக்கும் தம்பதியைத்தான் அன்றைய தொலைக்காட்சி காட்டியது. வயிறு தள்ளிய கதாநாயகியை எப்படிக் காட்டுவது? நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தி மறைக்கலாமா என்றெல்லாம் யோசனைகள் வந்தன. டெசி நேராகச் சிகரெட் கம்பெனியின் தலைவர் ஆல்ஃபிரெட் லயன்ஸுக்குக் கடிதம் எழுதினார். இதுவரை நம்பர் ஒன் தொடரைக் கொடுத்தது நாங்கள், இனி கதையை நீங்கள் முடிவு செய்வதானால் பொறுப்பும் உங்களுடையது என்பது அதன் சாரம். லயன்ஸ் தன் ஆட்களுக்கு, அந்தக் கியூபாக்காரரோடு மோதாதீர்கள் என்று கொஞ்சம் கெட்ட வார்த்தை கலந்தே உத்தரவு போட்டுவிட்டார்.

பாதிரியார், போதகர், யூத குரு என மூன்று பேரிடம் ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் காட்டி ஒப்புதல் வாங்கினார்கள். ‘கர்ப்பம்’ என்ற வார்த்தையை வசனத்தில் சேர்க்க அனுமதி கிடைக்கவில்லை. 1953 ஜனவரி 19-ம் தேதி திங்கட்கிழமை, லூசி ஆஸ்பத்திரிக்குப் போகும் எபிசோட் ஒளிபரப்பானது. அதே நாள் காலையில் நிஜ லூசிலுக்கு அறுவை சிகிச்சை மூலம் மகன் பிறந்தான். 4 கோடியே 40 லட்சம் பேர் அந்த எபிசோடைப் பார்த்தார்கள். மறுநாள் ஐசன்ஹோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதை டி.வி.யில் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

லூசில் பிரசவ ஓய்வில் இருந்த வாரங்களில் புது எபிசோட்கள் போதவில்லை. பழைய எபிசோட்களை எடுத்து மறுபடி போட்டார்கள், ஜனங்கள் அப்போதும் பார்த்தார்கள். ஒளிபரப்பி முடித்த படச்சுருளுக்கு மதிப்பில்லை என்ற கணக்கு அங்கே பொய்த்தது. தொலைக்காட்சியில் மறு ஒளிபரப்பு என்பது ஒரு வியாபாரமாக வளர வழிதிறந்தவற்றில் இது முக்கியமானது. நெகட்டிவ் யார் கையில் இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

அதே ஆண்டு செப்டம்பரில் வேறொரு புயல். 1936-ல் தாத்தாவின் மனம் கோணாதிருக்க, லூசில் கம்யூனிஸ்ட் வாக்காளராகப் பதிவு செய்திருந்தது வெளியே வந்தது. ஹாலிவுட்டில் அந்தக் குற்றச்சாட்டில் பிழைப்பையே இழந்தவர்கள் ஏராளம். அன்றைய படப்பிடிப்பில் டெசி ரசிகர்கள் முன்னால் வந்து நின்று, லூசியிடம் சிவப்பு என்று இருப்பது தலைமுடி மட்டும்தான், அதுவும் நிஜச் சிவப்பு இல்லை என்றார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

வாழ்க்கை தோற்ற இடம்

டெசிலு வளர்ந்தது. மற்றவர்களின் தொடர்களுக்கும் அங்கேதான் படப்பிடிப்பு நடந்தது. 1957-ல் ‘ஐ லவ் லூசி’யின் உரிமையைச் சி.பி.எஸ்.ஸுக்கே விற்றார்கள். அதே ஆண்டு இறுதியில் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவை 61.5 லட்சம் டாலருக்கு வாங்கினார் டெசி. இருவரும் சம்பளத்துக்கு நடித்து, முதன்முதலில் சந்தித்துக்கொண்ட அதே ஸ்டூடியோ.

கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தொடங்கிய கம்பெனி அவரை விழுங்க ஆரம்பித்தது. நடிகர், தயாரிப்பாளர், கம்பெனித் தலைவர், கணக்குப் பார்ப்பவர் எல்லாம் டெசியே. குடி அதிகமானது. மற்ற பெண்களோடு அவருக்கிருந்த தொடர்பு பத்திரிகைகளில் வந்தது. வேலையைக் காரணம் காட்டி அவருடைய தப்புகளை மறைக்க நான் விரும்பவில்லை. லூசில் இருபது வருஷம் பொறுத்துப் பார்த்தார். 1960 மார்ச்சில், லூசி, ரிக்கியாக இருவரும் சேர்ந்து நடித்த கடைசி நிகழ்ச்சியின் படப்பிடிப்பில், கண்ணீரோடு இருவரும் முத்தமிட்டு நடித்து முடித்தார்கள். மறுநாள் லூசில் விவாகரத்து மனுவில் கையெழுத்திட்டார்.

கல்யாணம் முறிந்தாலும் கம்பெனி உடனே உடையவில்லை. 1962-ல் ஆரம்பித்த லூசிலின் அடுத்த தொடருக்கும் முதல் சில மாதங்கள் டெசிதான் தயாரிப்பாளர். அந்த ஆண்டு நவம்பரில் அவர் பங்குகளை லூசில் வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோ ஒன்றுக்குத் தலைவியான முதல் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். அவருக்கு அந்த நாற்காலி பிடிக்கவில்லை, நடிப்புதான் பிடித்தது. ஆனால் உட்கார்ந்த நேரத்தில் துணிச்சலான முடிவுகளை எடுத்தார். விண்வெளித் தொடர் ஒன்றுக்கு ஜீன் ரோடன்பெரி யோசனை கொண்டுவந்தபோது, செலவு தாங்காது என்று இயக்குநர் குழு எதிர்த்தது. லூசில் குழுவை மீறி அனுமதி கொடுத்தார். அது ‘ஸ்டார் ட்ரெக்’. 1966 செப்டம்பரில் அதுவும், அடுத்த வாரமே ‘மிஷன்: இம்பாசிபிள்’ தொடரும் ஒளிபரப்பாயின. டாம் க்ரூஸ் மலையிலும் விமானத்திலும் தொங்கும் படங்களுக்கு மூலம் அந்தத் தொடர்தான். ‘ஸ்டார் ட்ரெக்’கில் முதலில் ஒளிபரப்பான எபிசோடை இயக்கியவர் மார்க் டேனியல்ஸ்; ‘ஐ லவ் லூசி’யின் முதல் வருஷ எபிசோட்களை இயக்கிய அதே ஆள். 1967-ல் டெசிலுவை 1.7 கோடி டாலருக்கு விற்றுவிட்டு லூசில் நிம்மதியாக நடிக்கப் போனார்.

டெசி பிற்காலத்தில், பெருமையில் 90 சதவீதத்தை லூசிக்குக் கொடுங்கள், மீதியை நாங்கள் எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார். பெருந்தன்மையான பேச்சு. நான் அதை ஏற்கமாட்டேன். தொடரின் நான்கு முக்கிய நடிகர்களில் லூசிலும் விவியனும் எம்மி விருது வாங்கினார்கள், ஃப்ராலி பரிந்துரையாவது பெற்றார். நடிப்புக்குப் பரிந்துரைகூடக் கிடைக்காதவர் டெசி மட்டும். ஒவ்வொரு காட்சியிலும் அவர் பந்தை எறிந்திருக்காவிட்டால் லூசில் அதை அடித்திருக்க முடியாது. கேமரா, ஃபிலிம், வாசல், விளக்கு, பேரம் எல்லாவற்றிலும் அவருடைய கை இருக்கிறது. அதே மாதிரி, லூசில் அன்று ஒற்றைக் காலில் நின்று அடம்பிடித்திருக்காவிட்டால் டெசி இசைக்குழுவோடு ஊர் சுற்றிக்கொண்டே காலத்தைக் கழித்திருப்பார்.

1957-ல் ‘ஐ லவ் லூசி’யை விற்றது தப்புக் கணக்கு என்று இப்போது சொல்பவர்கள் உண்டு. அவர்கள் கையில் ஆதாரமும் இருக்கிறது: அந்தக் கறுப்பு வெள்ளைத் தொடரிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வருகிறது என்று 2012-ல் சி.பி.எஸ். தலைவரே சொன்னார். டெசிலு விற்ற விலை அரைக் கோடி டாலரைக்கூடத் தாண்டவில்லை. ஆனால் அந்தப் பணம் இல்லாமல் ஆர்.கே.ஓ.வை வாங்கியிருக்க முடியுமா? வாங்கியதில் கல்வர் சிட்டி, கோவர் தெரு என இரண்டு வளாகங்கள் இருந்தன. ‘ஸ்டார் ட்ரெக்’கின் மாதிரி எபிசோட்கள் முதலாவதில் எடுக்கப்பட்டன, தொடர் இரண்டாவதில் எடுக்கப்பட்டது. கோவர் தெரு வளாகம் இன்று பாரமவுண்ட் ஸ்டூடியோவின் ஒரு பகுதி. அங்கே இன்றைக்கும் ஷூட்டிங் நடக்கிறது.